‘செட்’டுக்கு இருக்கிற 430 அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

கேட்டவர் வியாசர்பாடிக்காரர். ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு மணலிப் பக்கம் ஒரு ஆலையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கையில் கொடுத்த ஆங்கில மேனுவலில் பக்கத்துக்குப் பக்கம் ‘செட்’ (set) வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருளில். “இந்த ஒரு வார்த்தைக்கு 430 அர்த்தம்னு சொல்றாங்களே, நிஜமா? எப்படி ஞாபகம் வச்சிக்கிறது?” என்று கேட்கிறார். கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவருக்கு வேண்டியது வேறு: ஒரு வரியில் இந்தச் சொல் வந்தால் எந்தப் பொருளை எடுப்பது? மேனுவல்களையும் கோர்ட் காகிதங்களையும் தமிழாக்கும் வேலையில் எனக்குத் தினமும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430-க்கு மேல் பொருள் பிரித்து, ஏறத்தாழ 60,000 சொற்களில் விளக்கம் எழுதியிருந்தார்கள். அந்தப் பதிப்பில் அதுதான் மிக நீளமான பதிவு. மூன்றாம் பதிப்புக்கான வேலையில் ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது. வினையாக மட்டும் 645 பொருள் என்று 2011-ல் செய்தி வந்தது. ஆக 430 என்பது கட்டுக்கதை இல்லை. ஆனால் அதில் வழக்கொழிந்துபோனவையும் உண்டு, ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’ போன்ற கூட்டுகளும் உண்டு. எங்கே ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதும் அகராதி எழுதுகிறவரின் தீர்மானம். அதனால் ‘ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் எது’ என்ற பட்டிமன்றத்தில் பெரிய சாரம் இல்லை. வேலைக்கு வேண்டியவை இருபதுக்குள் அடங்கிவிடும்.

அந்த இருபதும் இரண்டு வேரிலிருந்து வருகின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். வினையாக வரும் ‘செட்’ பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’ என்ற சொல். ‘சிட்’ என்பதன் பிறவினை அது. நம்மிடம் உருள், உருட்டு. திருந்து, திருத்து என்று இருப்பது போல அவர்களிடம் சிட், செட். உட்கார், உட்காரவை. அவ்வளவுதான். கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் வேறு வழியாக வந்தது. லத்தீன் ‘செக்டா’, அதாவது ஒருவரைப் பின்பற்றிப் போகிறவர்கள், பழைய பிரெஞ்சு வழியாக ‘செட்’ ஆனது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் உடன்பிறப்பு. இதுவரை உறுதி. ஆனால் இரண்டும் ஒரே ஒலியாகிப் பல நூற்றாண்டு பழகியதில் ஒன்றின் நிறம் மற்றதில் ஏறியிருக்கிறது. ஸ்பேனர் ‘செட்’ என்பதில் தொகுதி என்ற பொருள் எவ்வளவு, ஒழுங்காக வைக்கப்பட்டது என்ற பொருள் எவ்வளவு என்று கறாராகப் பிரித்துச் சொன்னால் அது ஊகம்தான்.

முதல் வேருக்குத் தமிழில் ஒரு நல்ல சாவி இருக்கிறது: ‘வை’. அலாரம் வை, பொறி வை, தீ வை, கெடு வை, விலை வை, அடி எடுத்து வை, ஒதுக்கி வை. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ போடலாம். ‘வை’க்கு எத்தனை அர்த்தம் என்று நாம் யாரும் எண்ணிப் படித்ததில்லை. குழம்பு வைப்பதும் பேர் வைப்பதும் வேறு வேறு வேலை என்று எதை வைத்து அறிகிறோம்? முன்னால் நிற்கும் பொருளை வைத்து. ‘செட்’டிலும் அதே கதை, செயப்படுபொருள் பின்னால் நிற்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். ‘செட் தி வால்வ்’ என்றால் கண்ணை வால்வுக்குக் கொண்டுபோங்கள். பிறகு அந்தப் பொருளுக்கு என்ன ‘வைக்க’ முடியும் என்று யோசித்தால் பொருள் கிடைத்துவிடும். எல்லா இடத்திலும் ‘வை’ ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் குழம்பை யாரும் ‘செட்’ பண்ணுவதில்லை.

பின்னால் செயப்படுபொருள் இல்லை என்றால் கதை மாறுகிறது. ‘தி சிமென்ட் செட்ஸ்’, ‘தி சன் செட்ஸ்’. இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை. அதுவாகவே இறுகுகிறது, உறைகிறது, சாய்கிறது. தயிர் உறைவது இந்த ‘செட்’. மண்ணடியில் நோன்பு மாதம் முழுக்கச் செய்யும் கடற்பாசி (அகர் அகர்) உறைவதும் இதுதான். (கடற்பாசி 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உறையத் தொடங்கும், ஃப்ரிட்ஜ் தேவையில்லை. ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் உறையாது. பாக்கெட்டில் இரண்டுக்கும் ‘செட்’ என்றே போட்டிருப்பார்கள், அதனால் சொன்னேன்.)

சிமென்டில் இந்தச் சொல்லைத் தப்பாக எடுத்தால் காசு போகும். ‘செட்’ ஆவது வேறு, வலு ஏறுவது வேறு. ‘செட்’ என்றால் கலவை குழைவை இழந்து இறுகுவது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு இந்தியத் தரநிர்ணயப்படி தொடக்க செட்டிங் 30 நிமிடத்துக்கு முன்னால் வரக்கூடாது, இறுதி செட்டிங் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சோதனையில் 40 மி.மீ. உயர அச்சில் சிமென்ட் பசையை நிரப்பி, ஒரு சதுர மி.மீ. முனையுள்ள ஊசியை இறக்குவார்கள். முதலில் அடிவரை இறங்கும் ஊசி, அடியிலிருந்து 5 மி.மீ. அளவில் நின்றுவிட்டால் அதுதான் தொடக்க செட்டிங். கலந்து ஒரு மணி நேரம் கிடந்த கலவை கெட்டிப்பட்டதும், சித்தாளை விட்டு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது தளத்தில் அடிக்கடி நடக்கிறது. உருவாகத் தொடங்கிய பிணைப்பு அதில் உடைகிறது. தண்ணீர் விகிதமும் ஏறுவதால் வலு குறைகிறது. சித்திரை வெயிலில் இறுகுவது இன்னும் சீக்கிரம். மறுபக்கம், காலையில் போட்ட ரூஃப் சாயங்காலம் கல் மாதிரி இருக்கிறதே என்று தண்ணீர் கட்டாமல் விடுவார்கள். அது ‘செட்’ ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். வலு நாள் கணக்கில் ஏறும். சோதனையே 3, 7, 28 நாளில்தான் செய்கிறார்கள். சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும்.

உங்கள் மேனுவலில் கட்டாயம் வரப்போவது ‘கம்ப்ரெஷன் செட்’. கசிவைத் தடுக்க இணைப்புகளில் வைக்கும் ஓ-ரிங், கேஸ்கெட் பற்றிய பக்கத்தில் இருக்கும். இங்கே ‘செட்’ நல்ல வார்த்தை இல்லை. நசுக்கிய ரப்பர் பழைய கனத்துக்குத் திரும்பாமல், நசுங்கியபடியே தங்கிவிட்ட அளவு அது. 10 மி.மீ. கனமுள்ள ரப்பர் துண்டை 7.5 மி.மீ. ஆகும்வரை நசுக்கி, சூட்டில் குறிப்பிட்ட நேரம் வைத்துவிட்டு விடுவிக்கிறார்கள் என்று வையுங்கள். ஆறியபின் 9.5 மி.மீ. வருகிறது. நசுக்கியது 2.5, திரும்பாமல் தங்கியது 0.5, ஆக ‘செட்’ 20 சதவீதம். பூஜ்யம் என்றால் முழுக்கத் திரும்பிவிட்டது, 100 என்றால் செத்துவிட்டது. அதனால் ‘லோ கம்ப்ரெஷன் செட்’ என்று போட்டிருக்கும் ரப்பர்தான் நல்ல ரப்பர். எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து நல்லது என்று எடுத்தால் லைன் ஆறியதும் குழாய்கள் சேரும் ஃபிளேஞ்சில் கசியும். கழற்றிய ஓ-ரிங்கை விரலில் உருட்டிப் பாருங்கள். வட்டமாக இருந்த குறுக்குவெட்டு தட்டையாகிப்போயிருந்தால் மேனுவல் சொல்லும் ‘செட்’ உங்கள் கையில் இருக்கிறது. ஸ்பிரிங் உயரம் குறைந்து போவதையும், வளைத்த கம்பி திரும்பாமல் நின்றுவிடுவதையும் குறிக்கும் ‘பெர்மனன்ட் செட்’டும் இதே குடும்பம்.

‘செட் ஸ்குரூ’வில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க மேனுவலில் இது பெரும்பாலும் தலையில்லாத குட்டை ஸ்குரூ, நம் ஆட்கள் கிரப் ஸ்குரூ என்பது. புல்லி, காலர் ஆகியவற்றின் பக்கவாட்டில் இறங்கி, முனையால் ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கும். பிரிட்டிஷ் வழக்கில் ‘செட் ஸ்குரூ’ என்றால் தலைவரை முழுக்கப் புரியோடிய அறுகோணத் தலை போல்ட். நம் கடைகளில் இரண்டு வழக்கும் உண்டு. மேனுவல் எந்த ஊருடையது என்று பார்க்காமல் ‘எம் 8 செட் ஸ்குரூ 20 எண்ணம்’ என்று எழுதிக் கொடுத்தால் பாரிமுனைக் கடையில் எது வரும் என்பது கடைக்காரர் கையில். தலையில்லாத வகையை மாட்டும்போது, ஷாஃப்டில் தட்டையாக அராவப்பட்ட இடம் இருந்தால் முனை அதன் மேல்தான் உட்கார வேண்டும். வட்டப் பக்கத்தில் இறுக்கினால் முனை ஷாஃப்டைக் கீறிப் பிசிறு எழுப்பும், அடுத்த முறை புல்லியைக் கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

‘செட் பாயின்ட்’ என்பது அடைய வேண்டிய இலக்கு. இப்போதைய நிலை என்ன என்பதை அது சொல்லாது. திருவொற்றியூர், மாதவரம் யார்டுகளில் நிற்கும் குளிர்பதனக் கன்டெய்னரின் திரையில் செட் பாயின்ட் மைனஸ் 18 என்று இருந்தால், அப்படி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே சரக்கு மைனஸ் 18-ல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதற்குச் சப்ளை காற்று, ரிட்டர்ன் காற்று என்று தனியாக எண்கள் வரும். உறைந்த சரக்குக்குப் பொதுவாக ரிட்டர்ன் காற்றின் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ‘செட் டு’ என்றால் அந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்து. ‘இன்கிரீஸ் பை 2’ என்பதோடு இதைக் குழப்ப வேண்டாம். அது இருப்பதோடு இரண்டைக் கூட்டச் சொல்கிறது.

மற்ற தொழில்களை வேகமாகப் பார்த்துவிடலாம். தச்சர் ரம்பத்துக்கு ‘செட்’ என்பது பல்லை ஒன்று இடம், ஒன்று வலம் என்று லேசாகச் சாய்ப்பது. சாய்க்காவிட்டால் தகடு மரத்தில் இறுகி நின்றுவிடும். அதிகமானால் வெட்டு அகலமாகி மரம் வீணாகும். கடலில் ‘செட்’ என்றால் நீரோட்டம் போகும் திசை. காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. வாடை வடக்கிலிருந்து வருகிறது, ஆங்கிலத்திலும் அப்படித்தான். நீரோட்டத்துக்கு மட்டும் போகும் திசை. காசிமேட்டுக்கு வெளியே ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்பும்போது கப்பல் வரைபடத்தில் ‘செட் சவுத்’ என்று எழுதுவார்கள். அஸ்திவாரத்துக்குப் பைல் (தூண்) அடித்து இறக்கும் இடத்தில் ‘செட்’ என்பது சுத்தியலின் ஒரு தட்டுக்கு, அல்லது பத்து தட்டுக்கு, எத்தனை மி.மீ. இறங்கியது என்ற கணக்கு. எத்தனையில் நிறுத்துவது என்பதை டிசைன் இன்ஜினியர்தான் சொல்ல வேண்டும், அதை அகராதி சொல்லாது.

இரண்டாவது வேர், தொகுதி, அவ்வளவு தொல்லை தராது. பம்பு செட், மைக் செட், பேண்டு செட் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் பொருட்கள் அல்லது ஆட்கள். பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரயில்பெட்டி ஆலையான ஐசிஎஃப், 2018-ல் ‘டிரெயின் 18’ என்று உருவாக்கி, 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்று ஓடத் தொடங்கியதே, அதை ‘டிரெயின் செட்’ என்கிறார்கள். இன்ஜின் தனியே வந்து மாட்டிக்கொள்வதில்லை. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்க, 16 பெட்டியும் ஒரே அலகாக ஓடியது. அந்தப் பிரிக்கக்கூடாத தன்மைதான் இங்கே ‘செட்’. பள்ளிக் கணிதப் புத்தகத்தின் ‘கணம்’ இதே சொல்தான் என்றாலும் நிபந்தனை வேறு: அங்கே உறுப்புகளின் வரிசை முக்கியமில்லை, ஒரே உறுப்பை இரண்டு தடவை எழுதினாலும் ஒன்றுதான். ஸ்பேனர் செட்டில் 13-ம் நம்பர் இரண்டு இருந்தால் இரண்டுதான். இரண்டு வேரும் ஒரே மைதானத்தில் நிற்பதைப் பார்க்க வாலிபால் ஆட்டத்துக்குப் போங்கள். 25 பாயின்ட் கொண்ட ஒரு பகுதி ‘செட்’. அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கி வைப்பதும் ‘செட்’. ‘முதல் செட்ல செட்டே சரியில்லப்பா’ என்றால் நம் பசங்களுக்குக் குழப்பமே வராது.

பின்னால் ஒட்டும் சிறு சொற்கள்தான் உண்மையான தலைவலி. அங்கே ‘வை’ சாவி பாதிதான் திறக்கும். ‘செட் இன்’ என்றால் வந்து நிலைகொள்வது. வடகிழக்குப் பருவமழை ‘செட் இன்’ ஆனது என்று வானிலைத் துறை சொன்னால், ஒரு நாள் தூறியது என்று பொருளில்லை, மழைக்காலம் ஊன்றிவிட்டது. ‘செட் மீ பேக்’ என்று ஒரு தொகையோடு வந்தால் நம் பாஷையில் ‘ஐந்நூறு ரூபாய் பழுத்துடுச்சு’. ‘செட்பேக்’ ஒரே சொல்லாக வந்தால் செய்தியில் பின்னடைவு, வீட்டுப் பிளானில் எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம். ‘இஸ் செட் டு’ தலைப்புச் செய்திகளில் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. வண்ணாரப்பேட்டை–விம்கோ நகர் மெட்ரோ 2021 பிப்ரவரி 14-ல் திறந்தது. அதற்கு முன்னால் ‘செட் டு ஓப்பன்’ என்று தலைப்பு இருந்தால் ‘திறக்கப்படவிருக்கிறது’ என்று பொருள், ‘திறந்தாயிற்று’ இல்லை. இதில் இன்னொரு சிக்கல், ‘செட்’டுக்கு நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் (‘ஹாஸ்’ஸுக்குப் பின்னால் வருவது) மூன்றும் ஒரே வடிவம். லாக் புக்கில் ‘ஹீ செட் தி ரிலே’ என்றிருந்தால் இறந்தகாலம், முடிந்த வேலை. நிகழ்காலமாக இருந்தால் ‘ஹீ செட்ஸ்’ என்று எஸ் ஒட்டியிருக்கும்.

கோர்ட் காகிதம் கைக்கு வந்தால் ‘செட் அசைட்’டைக் கவனியுங்கள். பணத்தை ‘செட் அசைட்’ செய்வது ஒதுக்கி வைப்பது. தீர்ப்பையோ ஆணையையோ ‘செட் அசைட்’ செய்வது ரத்து செய்வது. ‘தீர்ப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது’ என்ற மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று சும்மா இருந்தவர்கள் உண்டு. தீர்ப்பைப் பிறகு சொல்வதாகத் தள்ளிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ரிசர்வ்’ என்ற வேறு சொல். ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாக வந்த டிக்ரியை (தீர்ப்பாணையை) ‘செட் அசைட்’ செய்யக் கேட்கும் மனுவுக்கு 30 நாள் கெடு. பொதுவாக அது டிக்ரி தேதியிலிருந்து ஓடும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் டிக்ரி தெரியவந்த நாளிலிருந்து. ‘செட் ஆஃப்’ சாலையில் புறப்படுவது, பட்டாசில் கொளுத்துவது, கோர்ட்டில் கழித்துக்கொள்வது. விசாரணைக் காலத்தில் ஜெயிலில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பதும் ‘செட் ஆஃப்’தான், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-ம் பிரிவு, இப்போதைய பிஎன்எஸ்எஸ்-ல் 468. நான் சொல்வது சொல்லின் பொருளை மட்டும். வழக்குக்கு வக்கீலைப் பாருங்கள்.

நாம் ஊரில் பேசும் ‘செட்’ இன்னொரு கிளை, அதை மேனுவலுக்குள் கொண்டுபோகக்கூடாது. ‘அந்தக் கலர் உனக்கு செட் ஆகல’, ‘அவனும் நானும் ஒரே செட்டு’, ‘ஆளை செட் பண்ணிட்டான்’. இவற்றில் நடுவில் இருப்பது மட்டும் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் பக்கம். ‘செட் ஆகல’ என்பதை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் புரியாது. அதற்கு ‘சூட்’ என்ற சொல் வேண்டும். ‘செட்டப்’ என்றால் நம் காதில் ஒரு கள்ளத்தனம் ஒலிக்கிறது. மேனுவலில் அது வெறும் அமைப்பு வேலை. மெஷின் ‘செட்டப் டைம்’ என்பதைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: ‘செட் தி பாயின்டர் டு சீரோ, டைட்டன் தி செட் ஸ்குரூ, அண்ட் வெயிட் அன்டில் தி சீலன்ட் ஹாஸ் செட்.’ முதலாவதுக்குப் பின்னால் ‘பாயின்டர்’ என்ற செயப்படுபொருளும் ‘டு’வும் நிற்கின்றன, முள்ளைப் பூஜ்யத்தில் கொண்டுபோய் வை. இரண்டாவது இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. அது பொருளின் பெயரில் ஒரு பகுதி, பிரிக்காதீர்கள், படத்தில் எந்த ஸ்குரூ என்று பாருங்கள். மூன்றாவதுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, முன்னால் ‘ஹாஸ்’ இருக்கிறது. சீலன்ட் இறுகி முடியும்வரை பொறு. இறுகிய சீலன்ட் முழு அழுத்தத்தைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு டியூபின் பின்பக்கம் ‘கியூர்’ (முழு வலு ஏறுவது) என்ற சொல்லுக்கு எதிரில் போட்டிருக்கும் மணிக்கணக்கைப் பாருங்கள். ‘செட்’டுக்கு எதிரில் இருக்கும் நிமிடக் கணக்கை நம்பி லைனைத் திறந்துவிடாதீர்கள்.